எலும்பின் வளர்ச்சியில் குடலின் பங்கு

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில் புத்தூர் என்னும் நிலையம் இருக்கிறது. 'புத்தூர்க் கட்டு' என்னும் சொல்லைக் கேளாதவர் தமிழ்நாட்டில் அரியர். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் அருகே, முறிந்த எலும்பை நேராக்கிப் பச்சிலைச் சாந்தும் முட்டையின் வெண்கருவும் பூசி, மூங்கிற் பட்டைகளை வைத்துக் கட்டும் தொழில் பல தலைமுறைகளாக நடைபெற்று வருகிறது. அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், கைகால்களில் கட்டுடன் அவ்வூரிலிருந்து திரும்பும் முதியோரைக் காணும்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு. திண்ணையிலிருந்து வழுக்கி விழுவோர் பலர். அவருள் சிலருக்கு மட்டுமே எலும்பு முறிகிறது. விழுந்தது முறிவுக்கு உடனடிக் காரணம். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்வெலும்பு வலிவிழந்தது எதனால்?

இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சியாளர் சிலர், எவரும் எதிர்பாராத ஓர் இடத்தைச் சுட்டினர். அவ்விடம் குடல். குடலில் உண்டாகும் செரோட்டோனின் என்னும் பொருள் இரத்தத்தின் வழியே எலும்பை அடைந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது 2008-ஆம் ஆண்டில் வெளியான ஒரு முடிவு. இம்முடிவு பெரும் பரபரப்பையும், மூன்றே ஆண்டுகளில் கடும் மறுப்பையும் கண்டது. 'குடலைச் சீராக்கினால் மூட்டு வலி தீரும்' என்று கூறிப் பொடிகளும் மாத்திரைகளும் விற்கப்படும் இந்நாளில், இவ்வாராய்ச்சியில் உறுதியானது எது, உறுதிப்படாதது எது என்பதைக் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் பிரித்தறிதல் வேண்டும். அவர்களை நாடி வரும் உழைப்பாளி தம் ஒரு வாரக் கூலியை எதற்குச் செலவிடுவது என்பது அவர்கள் கூறும் விடையைப் பொறுத்தது.

எலும்பு உயிருள்ள பொருள்

பள்ளி மாணவர் பலர் எலும்பைக் கல் போன்ற உயிரற்ற பொருளெனக் கருதுகின்றனர். இதனைப் போக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கோழியின் கால் எலும்புகள் இரண்டினைச் சதை நீக்கிக் கழுவி எடுத்துக்கொள்க. ஒன்றினைக் கடைகளில் வினிகர் என விற்கப்படும் காடியில் ஊற வைக்க வேண்டும். காடியை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றி வரின், ஒரு வாரத்தில் எலும்பு இரப்பர் போல் வளையும் தன்மையை அடையும். காடியிலுள்ள அமிலம் சுண்ணச் சத்தைக் கரைத்துவிட, புரதத்தாலாகிய நார்ப்பகுதி மட்டும் எஞ்சி நிற்பதே காரணம். மற்ற எலும்பை ஆசிரியரே அடுப்புத் தணலில் நன்கு சுட்டு எடுக்க வேண்டும். வடிவம் மாறாதிருப்பினும், விரலால் அழுத்தியவுடன் அது பொடியாகும். இங்கே நார்ப்பகுதி எரிந்துபோய்ச் சுண்ணச் சத்து மட்டும் எஞ்சியுள்ளது. எலும்பின் உறுதி இவ்விரண்டும் சேர்ந்து நிற்பதில் உள்ளது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

ஆனால் இச்சோதனை எலும்பின் உயிர்த்தன்மையைக் காட்டாது. அதனை ஆசிரியர் வாய்மொழியாகவே விளக்க வேண்டும். எலும்பில் இருவகை உயிரணுக்கள் ஓயாது தொழில் புரிகின்றன. ஒருவகை பழைய எலும்பை அரித்து நீக்குகிறது. மற்றொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைப் படைக்கிறது. முன்னதை எலும்பரி அணு என்றும், பின்னதை எலும்பாக்கு அணு என்றும் கூறலாம். வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. ஏரிக்கரையை ஒருபுறம் வெட்டி மறுபுறம் மண்ணிட்டுச் செப்பனிடுவதை இதற்கு ஒப்பிடலாம். வெட்டும் அளவுக்கு மண் இடப்படாவிடின் கரை மெலியும். முதுமையிலும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னரும் நிகழ்வது இதுவே. எலும்பு நலிவு நோய் எனப்படுவதும் இதுவே.

ஒரு பொருளுக்கு இரு பெயர்கள்

செரோட்டோனின் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1930-களில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர், குடலின் உட்சவ்விலுள்ள ஒருவகை உயிரணுக்களிலிருந்து தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்து, அதற்கு 'என்டெரமின்' எனப் பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவரும், இரத்தம் உறையும்போது வெளிப்பட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள் ஒன்றைத் தூய நிலையில் பெற்று, அதனைச் செரோட்டோனின் என்றழைத்தனர். இவை இரண்டும் ஒரே பொருள் என்பது 1952-இல் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டில் பெட்டி டுவாரக் என்னும் அம்மையார் இதனை மூளையிலும் கண்டார். அன்று தொட்டு உலகின் கவனம் முழுவதும் மூளையின்பால் திரும்பிற்று. மன அமைதி, உறக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுடன் சேர்த்தே செரோட்டோனினைப் பேசுவது வழக்கமாயிற்று.

உண்மையில், உடலிலுள்ள செரோட்டோனினில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்டது குடலில் உண்டாவதேயாகும். நாம் உண்ணும் புரதத்திலுள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலமே இதற்கு மூலப்பொருள். குடலில் உண்டான செரோட்டோனினின் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பகுதியை இரத்தத் தட்டணுக்கள் உட்கொண்டு தம்முள் வைத்துக்கொள்கின்றன. இரத்தத்திலுள்ள செரோட்டோனின் மூளைக்குள் புக இயலாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. டிரிப்டோபேனைச் செரோட்டோனினாக மாற்றும் நொதி குடலில் ஒன்றாகவும் மூளையில் வேறொன்றாகவும் இருப்பது 2003-இல் கண்டறியப்பட்டது. ஆகவே, ஒரே பொருளாயினும், குடற் செரோட்டோனினும் மூளைச் செரோட்டோனினும் தனித்தனியே கணக்கிடத்தக்கவை. இவ்வேறுபாட்டை அறியாது எழுதப்படும் விளம்பரங்களே மிகுதி.

2008-ஆம் ஆண்டின் முடிவு

குடற் செரோட்டோனின் எலும்புடன் தொடர்புபட்டது எவ்வாறு? 2001-இல், குழந்தைப் பருவத்திலேயே எலும்புகள் நலிந்து பார்வையும் இழக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு எல்.ஆர்.பி.5 என்னும் ஜீன் பழுதடைவதே காரணமெனத் தெரியவந்தது. மறு ஆண்டில் இதற்கு நேர்மாறான செய்தி வந்தது. அதே ஜீனில் வேறுவகை மாற்றம் பெற்ற சில அமெரிக்கக் குடும்பத்தினரின் எலும்புகள் இயல்பினும் மிகுந்த அடர்த்தியும் வலிவும் உடையனவாக இருந்தன. ஒரே ஜீன் ஒருபுறம் திரும்பின் நலிவும், மறுபுறம் திரும்பின் வலிவும் தருமாயின், அது எலும்பின் அளவை ஆளும் முக்கிய விசையாதல் வேண்டும். அவ்விசை எங்கிருந்து இயங்குகிறது என்பதே அடுத்த வினா.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு கார்சென்டி என்பவரின் ஆய்வுக் குழு இதனை ஆராய்ந்தது. அக்குழுவின் கட்டுரையில் முதலாசிரியராக விளங்கியவர் விஜய் யாதவ். எல்.ஆர்.பி.5 இல்லாத சுண்டெலிகளின் இரத்தத்தில் செரோட்டோனின் பன்மடங்கு மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். இந்த ஜீன், முன்சிறுகுடலின் செரோட்டோனின் சுரக்கும் அணுக்களில் இயங்கி, அச்சுரப்பை அடக்கி வைக்கிறது. அடக்கம் நீங்கின், மிகையாகச் சுரந்த செரோட்டோனின் இரத்தத்தின் வழியே எலும்பாக்கு அணுக்களை அடைந்து, அவற்றின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தி, அவை பெருகுவதைத் தடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. குடலில் மட்டும் அந்த ஜீனை மாற்றியபோது எலும்பு மாறியது. எலும்பாக்கு அணுக்களில் மட்டும் மாற்றியபோது எலும்பின் அளவு மாறவில்லை எனவும் அவர்கள் தெரிவித்தனர். டிரிப்டோபேன் குறைந்த உணவை அச்சுண்டெலிகளுக்கு அளித்தபோது செரோட்டோனின் குறைந்து எலும்பு தேறியது.

2010-இல் அதே குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். குடலில் செரோட்டோனின் உண்டாவதை மட்டும் தடுக்கும், மூளையைத் தொடாத ஒரு மருந்தை, கருப்பை அண்டங்கள் நீக்கப்பட்ட எலிகளுக்கு வாய்வழி அளித்தனர். எலும்பு நலிவு தடுக்கப்பட்டதுடன் புதிய எலும்பும் உண்டாயிற்று. எலும்பு நலிவுக்கான மருந்துகளுள் பெரும்பாலானவை அரிப்பைக் குறைப்பனவே. ஆக்கத்தைத் தூண்டுவன சிலவே, அவையும் ஊசி மூலம் செலுத்தப்படுவன. ஆகையால் வாய்வழி உண்ணத்தக்க மாத்திரை ஒன்றினால் எலும்பு வளரும் என்னும் செய்தி பெரிதும் வரவேற்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சுண்டெலிக்கு டிரிப்டோபேனைக் குறைத்தது நன்மை தந்தது என்பதால் மனிதரும் குறைக்கலாமென எவரேனும் கூறின், அது தவறு. டிரிப்டோபேனிலிருந்தே நயாசின் என்னும் வைட்டமினின் ஒரு பகுதியை உடல் உண்டாக்கிக் கொள்கிறது. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் காணப்பட்ட பெல்லக்ரா என்னும் நோயை, குன்னூரிலிருந்து 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட உணவு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கோபாலனும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்தனர். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம், டிரிப்டோபேனும் நயாசினும் உடலிற் பயன்படுவதைக் கெடுக்கிறது என்னும் கருத்தை அவர்கள் 1960-இல் வெளியிட்டனர். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, அறிவு மயக்கம் ஆகிய மூன்றும் பெல்லக்ராவின் அடையாளங்கள். எலும்பைக் காக்கப் புரதத்தைக் குறைப்போர் இந்நோயை வலிய அழைப்பவராவர். மேலும், எலும்பின் நார்ப்பகுதியே புரதத்தாலானது.

மறுப்பு

2011-இல் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மாத்யூ வார்மன் என்பவரும் வேறு பல ஆய்வுக்கூடத்தினரும் இணைந்து வெளியிட்ட முடிவு, முந்தைய முடிவுக்கு நேர் எதிரானது. எல்.ஆர்.பி.5 ஜீனை எலும்பினுள் உறையும் அணுக்களில் மாற்றினால் எலும்பு மாறுகிறது. குடலில் மாற்றினால் மாறவில்லை என்றனர் அவர்கள். சுண்டெலிகளின் எலும்பு அளவுக்கும் இரத்தச் செரோட்டோனின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. செரோட்டோனினைத் தடுக்கும் மருந்தும் அவர்கள் கையில் எலும்பை வளர்க்கவில்லை.

இரு தரப்பாரும் திறமை மிக்கவர். இரு தரப்பாரும் கையாண்டவை சுண்டெலிகளே. அங்ஙனமாயின் முடிவுகள் மாறுபடுவானேன்? சுண்டெலிகளின் குலம், ஜீனை மாற்றிய முறை, உணவு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகியன இடத்துக்கு இடம் வேறுபடும். இவையன்றி, செரோட்டோனினை அளப்பதிலேயே ஓர் இடர் உண்டு. இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்முள் வைத்திருந்த செரோட்டோனினை வெளிவிடுகின்றன. எனவே உறைந்த இரத்தத்தின் தெளிநீரில் அளந்தால் ஓர் அளவும், உறையாமல் காத்துத் தட்டணுக்களைப் பிரித்தபின் அளந்தால் அதனினும் மிகச் சிறிய அளவும் கிடைக்கும். எலும்பாக்கு அணுவைச் சென்றடைவது எந்த அளவு என்பது விவாதத்துக்குரியதாயிற்று. முதனிலைச் சுகாதார நிலையங்களில் இரத்த மாதிரி எடுக்கும் ஊழியர்களுக்கு இது நன்கு விளங்கும். குழாய் எது, உறை தடுப்பான் இட்டதா, எத்தனை நேரம் வைக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து எண் மாறும்.

மனிதரிடமிருந்து கிடைத்த சான்றுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. செரோட்டோனினை மிகுதியாகச் சுரக்கும் ஒருவகைக் குடற்கட்டி உடைய நோயாளிகளை இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து மருத்துவர்கள் ஆராய்ந்தனர். குடற் செரோட்டோனின் எலும்பின் பகையாயின், இவர்களின் எலும்புகள் மெலிந்திருத்தல் வேண்டும். 2013-இல் வெளியான அவ்வாய்வில், இவர்களின் எலும்பு அடர்த்தி மற்றவரினின்றும் வேறுபட்டதாகக் காணப்படவில்லை. மறுபுறம், மனச்சோர்வுக்கென அளிக்கப்படும், செரோட்டோனின் மீள உட்கொள்ளப்படுவதைத் தடுக்கும் மருந்துகளை உண்ணும் முதியோரிடம் எலும்பு முறிவு மிகுந்திருப்பதைக் கனடாவில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆயினும் மனச்சோர்வே நடமாட்டத்தையும் உணவையும் குறைக்கும். மருந்துகள் தலைச்சுற்றலால் விழச் செய்யவும் கூடும். ஆகவே முறிவுக்குச் செரோட்டோனினே காரணம் எனத் துணிவதற்கில்லை. இச்செய்தியைக் கேட்டு மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். அது பெருந்தீங்கு விளைவிக்கும்; மருத்துவரைக் கேட்டே எதுவும் செய்தல் வேண்டும்.

எலும்பிலேயே விசை உள்ளது என்னும் தரப்புக்கு வலுவூட்டிய மற்றொரு செய்தியும் உண்டு. எல்.ஆர்.பி.5 மூலம் வரும் ஏவலைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதம் எலும்பினுள் உறையும் அணுக்களில் உண்டாகிறது. அதனைச் செயலிழக்கச் செய்யும் ஊசி மருந்து 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலும்பை ஆக்கும் அதன் ஆற்றல் நோயாளிகளிடமே நிறுவப்பட்டது. குடற் செரோட்டோனினைத் தடுத்து எலும்பை வளர்க்கும் மாத்திரையோ 2010-இல் எலிகளிடம் தோன்றிய நம்பிக்கையைத் தாண்டி மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. இவ்வொப்பீடு எது சரி என்பதை முற்றிலும் தீர்த்துவிடாது. எனினும் எடை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும்.

மூட்டுகளில் நிகழ்வது

மூட்டைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பானது. குடற் செரோட்டோனினை உண்டாக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளுக்கு முடக்குவாதத்தை ஒத்த மூட்டழற்சியை உண்டாக்கிப் பார்த்தனர் பாரிஸ் ஆராய்ச்சியாளர். செரோட்டோனின் தீயதாயின், அஃதில்லாத சுண்டெலிக்கு நோய் தணிந்திருக்க வேண்டும். ஆனால் 2016-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அச்சுண்டெலிகளுக்கு நோய் கடுமையாயிற்று. மூட்டை ஒட்டிய எலும்பும் மிகுதியாக அரிக்கப்பட்டது. அழற்சியைத் தூண்டும் ஒருவகை வெள்ளணுக்களைச் செரோட்டோனின் கட்டுப்படுத்தி வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எலும்பாக்கத்துக்குப் பகை எனக் கூறப்பட்ட பொருளே மூட்டுக்குத் துணையாகவும் விளங்கக்கூடுமெனின், அதனை ஏற்றுவதோ இறக்குவதோ எளிதிற் செய்யத்தக்கதன்று.

குடலில் வாழும் நுண்ணுயிர்களும் இதில் பங்கு கொள்கின்றன. நுண்ணுயிர் ஏதுமின்றி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலிலும் இரத்தத்திலும் செரோட்டோனின் குறைந்திருப்பதையும், சில நுண்ணுயிர்களைக் குடலிற் குடியேற்றியதும் அது ஏறுவதையும் 2015-இல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் நிறுவினர். இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டே பொடி வணிகம் தழைக்கிறது. தயிரும் மோரும் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பொடியை உண்டால் குடற் செரோட்டோனின் மாறி, அதனால் மூட்டு வலி தீரும் எனக் கூறுவதற்கு மேற்கண்ட ஆராய்ச்சிகளில் எதுவும் இடம் தரவில்லை.

திருப்பதியில் கண்ட உண்மை

செரோட்டோனின் பற்றிய வழக்கு இவ்வாறு தீராதிருக்க, குடலுக்கும் எலும்புக்கும் இடையே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட மற்றொரு தொடர்பு உண்டு. அதனை நம் நாட்டில் விரிவாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று திருப்பதி. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, பின்னர் தனி மாவட்டத்தின் தலைநகராகிய இந்நகரில், தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையம் இருக்கிறது. அங்கு நாளமில்லாச் சுரப்பியியல் துறையில் பணியாற்றிய டாக்டர் ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும், 943 நகர மக்களையும் 205 கிராம மக்களையும் சோதித்துப் பெற்ற முடிவுகளை 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். சோதிக்கப்பட்டோர் நோயாளிகள் அல்லர், நலமுடன் நடமாடியவர்.

திருப்பதி வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தோலின் மீது வெயில் படும்போது வைட்டமின் டி உண்டாகிறது என்பதைப் பள்ளி நூல்களே கூறும். ஆகவே இவ்வட்டாரத்தில் அக்குறை இராதென்றே எவரும் எண்ணுவர். கண்டதோ வேறு. இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்த வைட்டமின் டி உடையோரைக் குறையுடையோர் எனக் கொண்டபோது, கிராமத்து ஆண்களில் நூற்றுக்கு 44 பேரும் பெண்களில் 70 பேரும், நகரத்து ஆண்களில் 62 பேரும் பெண்களில் 75 பேரும் அவ்வகையினராயினர். வயலில் உழைப்போர் நகரத்தாரைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தனர் என்பது உண்மையே. ஆனால் நாள் முழுதும் வெயிலில் நிற்போரிடத்தும் இத்துணைக் குறை இருப்பானேன்?

இவ்விடத்தில்தான் குடலின் பங்கு வெளிப்படுகிறது. இம்மக்களின் உணவில் கால்ஷியம் மிகக் குறைவு. அக்காலத்தில் வயது வந்தோருக்குப் பரிந்துரைக்கப்பட்டது நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்னும் சிறிய அளவே. அதனையும் அவர்கள் எட்டவில்லை. கிராமத்தாரின் நிலை நகரத்தாரினும் தாழ்ந்திருந்தது. அவ்வளவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் 600 ஆகவும் 2020-இல் 1,000 ஆகவும் உயர்த்தியுள்ளது. உண்ணும் சிறிதளவு கால்ஷியமும் முழுமையாக உடலிற் சேர்வதில்லை. தானியங்களின் உமியை ஒட்டிய பகுதியில் பைட்டேட் என்னும் பொருள் உண்டு. அது குடலில் கால்ஷியத்தைப் பற்றிக்கொண்டு, கரையாத பொருளாகி, மலத்துடன் வெளியேறிவிடும். கால்ஷியத்தை நோக்கப் பைட்டேட்டின் விகிதம் கிராமத்தாரின் உணவில் மிகுந்திருந்தது.

கால்ஷியம் போதாதபோது இரத்தத்தில் அதன் அளவைக் காக்க இணைக்கேடயச் சுரப்பி முனைந்து வேலை செய்கிறது. அதன் ஏவலால் எலும்பிலிருந்து கால்ஷியம் எடுக்கப்படுகிறது. அத்துடன் உடலிலுள்ள வைட்டமின் டி விரைவில் செலவழிந்து அழிகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதைப் போன்று, வெயில் ஒருபுறம் ஊட்ட, உணவின் குறை மறுபுறம் வடிக்கிறது. வெயிலில் உழைப்போரிடம் குறை காணப்பட்டதற்கு இது முக்கியமான விளக்கமாகும்.

வெயிலைப் பற்றியும் திருப்பதியில் நேரடிச் சோதனை நடைபெற்றது. தோலிலுள்ள மூலப்பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிதோறும் வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்தனர். 2013-இல் வெளியான முடிவின்படி, 11 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட வெயிலிலேயே மாற்றம் மிகுதி. 'இளவெயிலே எலும்புக்கு நல்லது' என்று பலரும் கூறுவதற்கு இது மாறானது. காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து வருவதால், வேண்டிய புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி காற்று மண்டலத்திலேயே தடுக்கப்படுகிறது. பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பைக் காலை 8 மணிக்கு வைத்துவிட்டு வைட்டமின் டி கிடைத்ததெனக் கருதும் ஆசிரியர் இதனைக் கவனிக்கலாம். கோடையின் நண்பகலில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டும் என்பதன்று இதன் பொருள். கைகளும் கால்களும் வெயில்படச் சில நிமிடங்கள் நடமாடுவதே போதிய தொடக்கமாகும்.

ஊழியர் கவனிக்க வேண்டியன

வைட்டமின் டி-யும் கால்ஷியமும் நெடுநாள் குறைந்தால் வயது வந்தோருக்கு எலும்பு மென்மை நோய் உண்டாகும். இதனை மூட்டு வாதமென மயங்குவோர் மிகப் பலர். இரண்டையும் பிரித்தறியும் குறிகள் சில உண்டு. முடக்குவாதத்தில் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தவுடன் விறைப்பு மிகுந்து, நேரம் செல்லச் செல்லத் தளரும். விரல்களின் சிறு மூட்டுகள் பெரும்பாலும் பாதிக்கப்படும். எலும்பு மென்மையிலோ மூட்டில் வீக்கம் இராது. இடுப்பு, தொடை, விலா, கீழ்முதுகு ஆகியவற்றில் ஆழ்ந்த வலி இருக்கும். முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பை விரலால் அழுத்தினால் நோகும். குத்திட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாது, படியேறுவது கடினமாகும், நடையில் வாத்தைப் போன்ற அசைவு தோன்றும். பல பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டிய பெண்களிடம் இதனைக் குறிப்பாகத் தேட வேண்டும். முடக்குவாதம் மருத்துவரின் நீண்ட கண்காணிப்பைக் கோருவது. எலும்பு மென்மையோ உரிய அளவு வைட்டமின் டி-யும் கால்ஷியமும் பெற்றால் சில மாதங்களில் பெரிதும் குணமாவது. குணமாகக்கூடிய நோயை 'வயதானால் வரும் வாதம்' எனத் தள்ளி, ஒருத்தி ஆண்டுக்கணக்கில் தைலம் பூசிக்கொண்டு கிடப்பது வருந்தத்தக்கது. ஐயமுள்ளோரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். திருப்பதியில் மேற்கூறிய நிலையத்துடன், எலும்பு மூட்டு ஊனங்களுக்கென 1985-இல் தேவஸ்தானம் நிறுவிய பர்டு மருத்துவமனையும் உள்ளது.

உணவைப் பொறுத்தவரை, இவ்வட்டாரத்தின் பழைய உணவே கைகொடுக்கிறது. இராயலசீமையின் ராகிச் சங்கட்டி தமிழ்நாட்டின் கேழ்வரகுக் களியே. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்ஷியம் உண்டு. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகைத் துறந்து வெள்ளை அரிசிச் சோற்றுக்கு மாறியது உயர்வெனக் கருதப்பட்டது. எலும்பின் கணக்கில் அது இழப்பு. கேழ்வரகிலும் பைட்டேட் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தானியத்தை ஒரு நாள் ஊற வைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் பைட்டேட் பெரிதும் குறையும். மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சும் வழக்கமும் இதே பயனைத் தருகிறது. அங்கன்வாடிகளில் இதனைச் செய்து காட்டுவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

சித்தூர்ச் சீமை கறவை மாடுகளுக்குப் பேர் பெற்றது. பாலை விற்று வாழும் குடும்பத்தில் பால் முழுவதும் விற்பனைக்கே சென்றுவிடுமாயின், கறப்பவளின் எலும்புக்கு அதில் பங்கில்லை. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்ஷியம் உண்டு. தயிராக்கினாலும் கால்ஷியம் குறைவதில்லை. மோராக்கினால் நீர் சேர்ந்த அளவுக்குச் செறிவு குறையும். வீட்டுக்கு வீடு செல்லும் ஊழியர், எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்பதுடன், வீட்டில் எத்தனை குவளை நிற்கிறது, அதனைக் குடிப்பவர் யார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் குடிப்போர் பட்டியலில் இறுதியாக வருபவள், குத்திட்டு எழ முடியாத அந்தப் பெண்ணாகவே இருப்பாள்.